கீழ்த்தொட்டியின் காலி இடம்

பெய்ரூத்தில் மீன் தொட்டி கட்டுகிறவனுக்குக் கண்ணாடியைவிட மின்சாரத்தைப் பற்றித்தான் கவலை அதிகம். மேலே மீன்கள் நீந்தும் தொட்டி. கீழே அலமாரிக்குள் யார் கண்ணுக்கும் படாத இன்னொரு தொட்டி, அதுதான் சம்ப். மேலே வழியும் தண்ணீர் குழாய் வழியாக சம்ப்புக்கு இறங்கும். அங்கே பஞ்சிலும் கல்லிலும் அழுக்கை விட்டுவிட்டு, மோட்டார் தள்ள மறுபடி மேலே ஏறும். மோட்டார் நின்றால் விளிம்பில் நின்ற தண்ணீர், குழாயில் இருக்கும் தண்ணீர் எல்லாம் கீழே வந்துவிடும். அதற்காக சம்ப்பில் எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்குத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

அன்று ரயீஃப் வந்திருந்தார். கடற்கரையில் புது உணவகம் திறக்கிறார். சுவர் நீளத்துக்கு நன்னீர்த் தொட்டி வேண்டுமாம். இந்த வேலை கிடைக்காவிட்டால் நானும் தம்பி போன வழியில் துபாய்க்குப் போக வேண்டியதுதான். அம்மா இந்த வீட்டில் தனியாகக் கிடப்பாள். அதனால் எங்கள் கூடத்தில் நானே கட்டிய தொட்டியின் முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அம்மா ஏலக்காய்க் காபியோடு வந்தாள். "குடிங்க உஸ்தாத். சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், உங்க தொப்பையப் பாத்துட்டு."

ரயீஃப் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நசீப், நம்ம ஊரு கரண்ட் லட்சணம்தான் தெரியுமே. சாப்பிடறவங்க காலடில தண்ணி ஓடுச்சுன்னா என் மானம் போயிரும்."

"ஒரு சொட்டு வெளிய வந்தா என் மீசைய எடுத்துடறேன் உஸ்தாத். இப்பவே நிறுத்திக் காட்டறேன்."

மோட்டாரை அணைத்தேன். தண்ணீர் சலசலவென்று இறங்கியது. நான் ஜம்பமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அலமாரிக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது, பிறகு கொட்டியது. கம்பளம் ஊறி, ரயீஃபின் செருப்புக்குள்ளும் போய்விட்டது.

கதவைத் திறந்தால் சம்ப் தளும்பிக்கொண்டிருந்தது. யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரமே வருகிற அரசு மின்சாரம் காலையில் வந்திருந்தது; மற்ற நேரமெல்லாம் ஜெனரேட்டர்தான். அரசு மின்சாரம் வந்தால் அம்மா மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டு, வாளி, குடம், கெட்டில் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றையும் ரொப்பிவிடுவாள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிடித்த பழக்கம்.

"இதுல தண்ணி ஊத்துனது யாரு?" என்றார் ரயீஃப்.

"பாதி காலியாக் கெடந்துச்சேன்னு..." அம்மா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"என் கணக்குதான் தப்பு உஸ்தாத். காலி இடம் பத்தல" என்று குறுக்கே விழுந்தேன். அந்நியர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

ரயீஃப் குனிந்து சம்ப்பின் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். "இதுக்கு மேல ஊத்தாதேன்னு ஒரு கோடுகூட இல்ல. கதவுக்குப் பூட்டும் இல்ல. கரண்ட் வந்தா என் சமையக்கட்டுப் பொம்பளைங்க எதைக் காலியா விடுவாங்க, நீயே சொல்லு?"

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்காக நான் சொன்ன பொய் நிஜமாகவே உண்மை. காலிப் பாத்திரத்தைக் கண்டால் பொறுக்காத ஊரில், காலி இடம் காலியாகவே இருக்கும் என்று நம்பி வரைந்திருக்கிறேன்.

"கோடு போட்டுடறேன் உஸ்தாத். பூட்டு, வழியறதுக்குத் தனிக் குழாய், எல்லாம் வச்சுத் தரேன்."

"இன்ஷா அல்லாஹ், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஈரச் செருப்போடு இறங்கிப் போனார். அந்த இழுப்பில் சொன்னால் இல்லை என்றுதான் அர்த்தம், இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அம்மா மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எதுக்குடா பொய் சொன்ன? கெழவி ஊத்திட்டான்னு சொல்லியிருந்தா வேலைய உனக்கே குடுத்திருப்பாரு."

"பொய் இல்லம்மா. தப்பு என்னுதுதான்."

அவள் நம்பவில்லை. துணியை வாளியில் பிழிந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"துபாய்ல கரண்டே போகாதாமே?"

"போகாதும்மா" என்றேன்.