சுவர்ப் பக்கம்

கட்டிலுக்கு அடியில் ஒரு நீலப் பை இருந்தது. அது அங்கே இருப்பதே தமக்குத் தெரியாது என்று கிரிகரி எட்டு மாதமாக நடித்துக்கொண்டிருந்தார்.

தினமும் காலையில் செருப்பைத் தேடிக் குனிவார். செருப்புக்குப் பக்கத்திலேயே பையின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். காலால் அதை உள்ளே தள்ளிவிட்டுப் பல் துலக்கப் போவார். மறுநாள் எப்படியோ அது மறுபடியும் வெளியே வந்திருக்கும். ஆகஸ்டில் தட்டையாகக் கிடந்த பை, கிறிஸ்துமஸ் வரும்போது வயிறு வைத்துவிட்டது. வாரத்துக்கு ஒரு சேலை, ஒரு துண்டு, ஒரு சோப்புப் பெட்டி என்று அவர் மனைவி கெர்ட்ரூட் அதில் சேர்த்துக்கொண்டே வந்தாள். வீட்டை விட்டுப் போகிறவள் ஒரே நாளில் மூட்டை கட்டுவாள். இவள் தவணை முறையில் கட்டினாள்.

"எங்கே போறே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்கு வாய் வேண்டுமே. போர்ட் கிள்ளான் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்த வாய் அது. லோரிக்காரர்களைப் பகலெல்லாம் விரட்டுகிற வாய். கிள்ளானில் வீட்டு வாசற்படி ஏறியதும் பூட்டிக்கொள்ளும்.

சண்டை தொடங்கியது 1985 ஆகஸ்டில். ஒரே மகள் ஆசிரியர் பயிற்சிக்கு ஈப்போ போய்விட்டாள். வீட்டில் சமைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது என்று கெர்ட்ரூட் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ரேடியோ ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள். கிரிகரி குதித்தார்.

"நான் என்ன செத்தா போயிட்டேன், நீ வேலைக்குப் போறதுக்கு?"

"நீங்க செத்தாத்தான் நான் பஸ் ஏறணும்னு சட்டமா?" என்று கேட்டுவிட்டு அவள் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அன்று இரவு கிரிகரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவர் ஓரத்தில் அவர், அவருக்கு இடது பக்கம் வெளி ஓரத்தில் அவள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவர் வலது பக்கம் திரும்பினால் சுவர், இடது பக்கம் திரும்பினால் மனைவி.

அந்தக் கோபம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அவள் ஃபேக்டரியிலிருந்து வந்த களைப்போடு நெத்திலி சம்பல் செய்து வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. சமாதானமாக ஏதாவது சொல்லலாமென்று அன்று இடது பக்கம் திரும்பினார். நெஞ்சுக்குள் என்னவோ சரிந்ததுபோல் இருந்தது. மூச்சு அடைத்தது, இருமல் பிடுங்கியது. அடித்துப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திரும்பினார். உடனே சரியாகிவிட்டது. மறுநாளும் முயன்று பார்த்தார். ஒரு வாரம் முயன்று பார்த்தார். இடது பக்கம் திரும்பினால் எமன், வலது பக்கம் திரும்பினால் சுகம்.

புத்தியுள்ளவன் இதை மனைவியிடம் சொல்லியிருப்பான். கிரிகரி யோசித்தார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்தொன்று. சனிக்கிழமை தவறாமல் மீசைக்கு மை பூசுகிறவர். இளவயதில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கால்பந்து டீமில் வலது விங்கில் காற்றாய்ப் பறந்தவர் என்று இன்னும் சொல்லிக்கொள்கிறவர், கேட்கத்தான் ஆளில்லை. அப்பேர்ப்பட்ட மனிதன் பெண்டாட்டி பக்கம் திரும்பினாலே மூச்சு வாங்குகிறது என்றால் என்ன மரியாதை? கோபம் என்றால் ஒரு கம்பீரமாவது இருக்கிறது. ஆகவே கோபமாகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டு நாள் கோபத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டிய சாமர்த்தியசாலி கிள்ளானில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இதற்குள் சட்டை தொளதொளத்தது. அவ்வப்போது காய்ச்சல் வந்து போனது. படியேறினால் கண் இருட்டியது. பக்கத்துக் கிளினிக்கில் முதலில் கேஸ்ட்ரிக்குக்கு மருந்து கொடுத்தார்கள், பிறகு ஆஸ்துமாவுக்குக் கொடுத்தார்கள். "படுத்தால் மூச்சு முட்டுகிறதா?" என்று அந்த டாக்டர் கேட்காமலில்லை. "தூக்கம் ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்டர்" என்று கிரிகரி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

குருத்து ஞாயிறன்று குட்டு உடைந்தது. அன்றைய பூசையில் இயேசுவின் பாடுகளின் வாசகம் நீளம். முடியும்வரை நிற்க வேண்டும். மற்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். கிரிகரி விறைப்பாக நின்றார். பிலாத்து கை கழுவுகிற இடம்வரை தாக்குப் பிடித்தவர், கையில் குருத்தோலையோடு பாடகர் குழுப் பெண்கள்மேல் அப்படியே சாய்ந்தார். கண் திறந்தபோது சாமியார் முதல் கோயில்பிள்ளை வரை சுற்றி நின்றார்கள். வியர்வையில் மீசை மை கரைந்து இரண்டு கறுப்புக் கோடாகக் கன்னத்தில் இறங்கியிருந்தது. உயிர் போகும்போதும் மானம் முதலில் போகும் என்று கிரிகரி அன்று தெரிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். டாக்டர் லிம், சின்ன உருவமான சீனப் பெண்மணி. பக்கத்தில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் தமிழ் நர்ஸ் சாந்தமேரி, கையில் ஃபைலோடு. கெர்ட்ரூட் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கணவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். கிரிகரி துரைமார் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மயக்கமா? வெயில். மெலிந்தீர்களா? டயட். படுத்தால் மூச்சு? நோ பிராப்ளம் டாக்டர், குழந்தைபோல் தூங்குகிறேன்.

அந்தக் கடைசிப் பதில் கெர்ட்ரூடுக்குப் புரிந்துவிட்டது. எட்டு மாதம் அடைத்து வைத்ததெல்லாம் தமிழில் கொட்டியது.

"ஏன் தூங்க மாட்டீங்க? எட்டு மாசமா எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நல்லாத் தூங்குறீங்க. நான் ஒருத்தி பக்கத்துல கெடக்கேனா செத்தேனான்னு ஒரு நாள் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்திருப்பீங்களா? அந்தச் சுவத்துல அப்படி என்னத்த எழுதி வச்சிருக்கு?"

"வாட் இஸ் ஷீ சேயிங்?" என்றார் டாக்டர்.

சாந்தமேரி மிஸ்ஸி தர்மசங்கடத்தோடு கிரிகரியைப் பார்த்தாள். "இது குடும்ப விஷயம் லா, டாக்டர்" என்று ஆங்கிலத்தில் இழுத்தாள். டாக்டர் விடவில்லை. கணவர் எட்டு மாதமாக மனைவிக்கு முதுகைக் காட்டியே படுக்கிறாராம், ஒரு நாள்கூடத் திரும்பவில்லையாம் என்று மிஸ்ஸி தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். கிரிகரிக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது.

டாக்டரின் பேனா நின்றது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "எப்போதும் ஒரே பக்கமா?"

"வலது பக்கம் டாக்டர்" என்று கெர்ட்ரூட் மலாயில் முந்திக்கொண்டு சொன்னாள். "எப்பவும்."

டாக்டர் எழுந்து வந்து கிரிகரியை மேசையில் இடது பக்கம் படுக்க வைத்தார். எண்ணிப் பத்து நொடி. இருமல் அறையை உலுக்கியது. வலது பக்கம் திருப்பினார். அடங்கியது. ஸ்டெத்தாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, மனைவி பக்கம் திரும்பினால் இருமல் வருகிறது என்று வீட்டில் சொல்லவே இல்லையா என்று கேட்டார். கிரிகரி சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினார். கெர்ட்ரூட் முதல்முறையாக ஜன்னலை விட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்ப கோபம் இல்லையா?" என்றாள்.

"ரெண்டு நாள் இருந்துச்சு" என்றார் கிரிகரி.

அன்றே எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து உருட்ட, திரையில் அவருடைய இதயம் வந்தது. உள்ளே ஒரு கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேல் காம்பில் தொங்கிய ஓர் உருண்டை, கதவு திறக்கும்போதெல்லாம் வாசலில் தலையை நீட்டியது, மூடும்போது உள்ளே இழுத்துக்கொண்டது. யார் வீட்டுக்கு யார் வந்தாலும் எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர்போல் அது எட்டிப் பார்த்தது.

மிஸ்ஸி கெர்ட்ரூடுக்கு விளக்கினாள். "கேன்சர் இல்ல அக்கா. நல்ல கட்டிதான். இருக்கற எடந்தான் கெட்ட எடம். இடது பக்கம் படுத்தா உருண்டு போயி வாசல அடைக்குது. வலது பக்கம் திரும்பினா நகந்துக்குது. ஒரு நாளைக்கு நகராம நின்னுருச்சுன்னா முடிஞ்சது. இல்லாட்டி ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மூளைக்கு ஓடும், கை கால் விழுந்துரும். மாத்திரைல எல்லாம் கரையாது. இதயத்த நிறுத்தி வச்சு, மிஷின்ல ரத்தத்த ஓடவிட்டு, காம்போட வெட்டி எடுக்கணும். வியாழக்கிழமையே."

வெளியே வரும்போது மிஸ்ஸிக்கு ஒரு சந்தேகம். "ஏன் அண்ணே, இடம் மாத்திப் படுத்திருக்கலாமே? அக்கா சுவர்ப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். வலது பக்கமே திரும்பி அக்கா முகத்தப் பாத்திருக்கலாமே?"

கிரிகரியும் கெர்ட்ரூடும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதம். இரண்டு பேர். ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் லிம் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நல்லவேளை மாற்றவில்லை என்றார். மாற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், மிஸ்டர் கிரிகரி மனைவி முகத்தைப் பார்த்தபடியே நிம்மதியாகச் செத்திருப்பார் என்றார்.

வீட்டுக்கு விடாமல் அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். மாற்றுத் துணி எடுத்து வரக் கெர்ட்ரூட் கிள்ளானுக்கு பஸ் ஏறினாள். சாயங்காலம் வார்டு வாசலுக்கு அவள் வந்தபோது கிரிகரியின் கண் அவள் கையில்தான் நிலைத்தது. அந்த நீலப் பை. அதைத் திறந்து அவருடைய கைலி, பனியன், ஜெபமாலை எல்லாம் எடுத்து அடுக்கினாள். அவளுடைய சேலைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அலமாரிக்கா, வேறு பைக்கா? கேட்கவில்லை. மறுநாள் முழுவதும் அவள் பக்கத்திலேயே இருந்தாள். அப்போதும் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் செத்தால் நேரே மோட்சம் என்று அவரே ஒரு பகடி சொல்லி, அவரே சிரித்து, இருமி அடங்கினார்.

வியாழன் காலை தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். மேலே விளக்குகள் நகரத் தொடங்கியதைக் கிரிகரி பார்த்தார். பயந்தார். சாவதற்குக்கூட அவ்வளவு பயமில்லை, கேட்காமலே செத்துவிடுவோமோ என்று பயந்தார்.

"கெர்ட்டி, அந்தப் பையத் தூக்கிக்கிட்டு எங்க போறதா இருந்த?"

வண்டியோடு நடந்து வந்தவள் நடந்துகொண்டே சொன்னாள். "தெலுக் பங்லிமா காராங்ல. கூட வேலை செய்யற இராஜம்மா வீட்டுல ஒரு ரூம் இருக்கு. ஈஸ்டருக்கு அப்புறம் வரேன்னு சொல்லியிருந்தேன்."

"இப்ப?"

"மொதல்ல உயிரோட வாங்க. சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ லோரிகளைப் பதில் சொல்லாமல் வாசலில் காக்க வைத்தவர், அன்று தாமே அப்படி நிறுத்தப்பட்டு மயக்க மருந்துக்குள் போனார்.

கண் விழித்தபோது தொண்டையில் குழாய். பேச முடியாது. எதிரே கெர்ட்ரூட் முகக்கவசத்துக்கு மேலே கண் சிவக்க நின்றாள். கிரிகரி இரண்டு கையாலும் ஒரு பையின் வடிவத்தைக் காற்றில் வரைந்து காட்டினார். நர்ஸ் ஓடிப் போய் மூத்திரச் சட்டி எடுத்து வந்தாள். குழாயை எடுத்த பிறகு வாய் வந்தது, துணிச்சல் போய்விட்டது. மறுபடியும் பழைய கிரிகரி.

கட்டி ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவு இருந்ததாம். காம்பு ஒட்டியிருந்த சுவரையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், இனி வராது, ஆனாலும் வருடா வருடம் எக்கோ எடுக்க வேண்டும் என்றார் டாக்டர் லிம். வீட்டில் ஆறு வாரம் மல்லாந்துதான் படுக்க வேண்டும், பிளந்த நெஞ்செலும்பு கூடும்வரை எந்தப் பக்கமும் திரும்பக்கூடாது என்பதும் உத்தரவு. முன்பு ஒரு பக்கமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் கிரிகரி கூரையைப் பார்த்துக் கிடந்தார். மீசை தன் நிஜ நிறத்துக்கு வந்தது. குனியக்கூடாது என்பதால் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க முடியவில்லை. ஈஸ்டர் போய் ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. கெர்ட்ரூட் ஃபேக்டரிக்குப் போனாள், வந்தாள், கஞ்சி வைத்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை.

ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்ட மத்தியான நேரம். பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கெர்ட்ரூட் தலையணையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"நான் சுவர்ப் பக்கம் போறேன். நீங்க பழகின பக்கமே திரும்பிக்கலாம்."

"வேண்டாம்" என்றார் கிரிகரி. "இடது பக்கம் திரும்பறதுக்குத்தானே நெஞ்சப் பொளந்து தச்சிருக்கு."

அவள் வழக்கமான இடத்தில் படுத்தாள். கிரிகரி கையை ஊன்றி மெல்ல இடது பக்கம் திரும்பினார். இருமலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மூச்சு அதன்பாட்டில் போய்வந்தது. அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை மாதம்! காதோரத்தில் நாலைந்து நரை. எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது.

"உயிரோட வந்துட்டேன்ல. சொல்றேன்னியே."

"ரூம் பாத்தது நெசம்" என்றாள் கெர்ட்ரூட். "ஆனா போறவ எட்டு மாசமா பை கட்டுவா? ராத்திரி வந்து அதை எடுத்து உங்க செருப்புக்கிட்ட நான்தான் வைப்பேன். காலைல குனியறப்ப கண்ணுல படட்டும், என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. நீங்க என்னடான்னா தெனமும் காலால உள்ள தள்ளி விட்டீங்க."

எட்டு மாதம் அவள் இழுக்க, அவர் தள்ள. கிரிகரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்ததில் நெஞ்செலும்பு நடுவில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லப் பழகிய வாயைத் திறந்தார்.

"கெர்ட்டி, வலிக்குது."

"எங்க?" என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். கிரிகரி அவள் கையை எடுத்து இடத்தைக் காட்டினார்.