விரல் உயர்த்தும் ஊர்

டெஸ்மண்ட் ப்ரிடோ ஓர் ஊரின் தரத்தை அங்குள்ள பள்ளியையோ மருத்துவமனையையோ கொண்டு அளப்பவர் அல்லர். எதிரே வருகிற வண்டியோட்டியின் ஆள்காட்டி விரலைக் கொண்டே அளப்பார். அடிலெய்டைத் தாண்டிச் சற்று உள்நாட்டுக்குள் போய்விட்டால், வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும்போது ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து அந்த ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்கள். கையை எடுக்க மாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள். வணக்கமும் நலம் விசாரிப்பும் மழை வருமா என்ற கவலையும் அந்த ஒற்றை விரலுக்குள் அடங்கிவிடும். நகரத்தில் இந்த வழக்கம் இல்லை. நாங்கள் குடியிருந்த செமஃபோர் கடற்கரையில் யாராவது விரலை உயர்த்தினால் அது பெரும்பாலும் வேறு விரலாக இருக்கும்.

அவர் மனைவி லோர்னாவின் அளவுகோல் வேறு. காரை விட்டு இறங்காமல் கடலைப் பார்க்க முடிய வேண்டும். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டு, மடியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலுமாக அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதையே அவர் கடலோர வாழ்க்கை என்பார். அவர் பாதம் கடைசியாகக் கடல்நீரில் நனைந்தது எப்போது என்று கேட்கும் துணிவு, பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

அவர்கள் வீட்டு மாடிப்படிகளோடு லோர்னாவின் முழங்கால்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டதால் வீட்டை விற்றுவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் வேறிடம் போயாக வேண்டும். டெஸ்மண்ட் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோட்டத்தோடு ஒரு சிறு வீடு கேட்டார். லோர்னா கடலோரப் புறநகர் ஒன்றில் தரைத்தளத்து ஃபிளாட் கேட்டார்.

"சின்ன ஊருக்குப் போனா, மொத நாளே கேக்கைத் தூக்கிக்கிட்டு வந்து கதவத் தட்டுவாங்க" என்பது லோர்னாவின் பயம். "கேக்கு தீர்றதுக்குள்ள உன் முழங்கால்லேர்ந்து உன் கொழுந்தியா விவாகரத்து வரைக்கும் அத்தனையும் கறந்துடுவாங்க."

"அதுக்குப் பேருதான் அன்பு, லோர்னா" என்பார் டெஸ்மண்ட்.

"அதுக்குப் பேரு போலீஸ் விசாரணை."

இப்படியாகக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் பயணம் நடந்தது. ஒரு வாரம் லோர்னாவின் கடலோரம், மறுவாரம் டெஸ்மண்டின் சிற்றூர். காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் வழக்குகளைத் தீர்த்து ஓய்வு பெற்றவன் என்பதற்காக என்னை நடுவராக்கிப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். நடுவருக்கான மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. மடியில் கம்பளியும் பிளாஸ்கும் குடையும் கிடைத்தன.

ஹென்லியில் கடல் அழகாகத்தான் இருந்தது. அதன் முன்னே காரை நிறுத்த இடமில்லாமல், கோவில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல் அந்தத் தெருக்களையே சுற்றிச் சுற்றி வந்தோம். நோர்லுங்காவில் கடல் மிகக் கீழே இருந்தது; அதை எட்டிப் பார்ப்பது அண்டை வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருப்பதாக லோர்னா குறைப்பட்டார். கடைசியில் கிரேஞ்சில் ஒரு ஃபிளாட் அவருக்குப் பிடித்தது. டெஸ்மண்டின் ஊர்களோ ஒவ்வொன்றாகத் தேர்வில் தோற்றன. ஸ்ட்ராத்தல்பினில் உயர்ந்தது ஒரே விரல். அதுவும் மூக்கைச் சொறிவதற்காக உயர்ந்தது என்று லோர்னா சாட்சி சொன்னார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு லோர்னாவுக்குச் சளி பிடித்தது. நானும் டெஸ்மண்டும் மட்டும் வடக்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் பென்ட்ரூ என்ற ஊருக்குப் போனோம். ஊரின் எல்லைப் பலகையைத் தாண்டியதும் எதிரே வந்த டிராக்டர்க்காரர் விரலை உயர்த்தினார். பின்னால் வந்த பால் வண்டிக்காரரும் உயர்த்தினார். பெட்ரோல் நிலையத்தில் நின்றவர் குழாயைப் பிடித்தபடியே உயர்த்தினார். ரோந்து போன காவலர் வண்டி விளக்கையே ஒருமுறை மின்னவைத்துக் காட்டினார்.

"பாத்தியா நெவில்? பாத்தியா?" டெஸ்மண்ட் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொல்லல? மனுஷங்கய்யா இவங்க!"

அவர் இறங்கவே இல்லை. முதன்மைத் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக தன்னுடைய பழைய கடுகு நிற வேகன் காரை ஓட்டி விரல்களை அறுவடை செய்துகொண்டிருந்தார். பசி தாங்காமல் நான்தான் பேக்கரிக்குள் போனேன். கல்லாவில் இருந்த அம்மாள் கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்துவிட்டு, நான் கேட்காத இரண்டு பன்களையும் பொட்டலத்தில் வைத்து, "இது அவருக்கு" என்றார். காருக்குத் திரும்பி அதை நான் சொன்னபோது டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே, தேவாலயத்துக்குப் பின்னால் விற்பனைக்கு இருந்த கல் வீடு ஒன்றைப் பார்த்து, அடுத்த வாரம் திங்கட்கிழமை முடிவைச் சொல்வதாகத் தரகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

லோர்னா மூக்கைச் சிந்தியபடி முழுவதையும் கேட்டார்.

"ஊரே விரலத் தூக்குச்சா?"

"ஊரே."

"உனக்கு?"

"எனக்குத்தான். நெவில் இருந்தானே, கேளு."

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரேன். அந்த ஊர்க்காரங்க ஒருத்தராவது என் கண்ணெதிர்ல உனக்கு விரலத் தூக்கட்டும். வாயத் தொறக்காம மூட்டை கட்டிடறேன். ஒருத்தரும் தூக்கலேன்னா கிரேஞ்ச் ஃபிளாட். அப்புறம் ஆடு, மாடு, வயலுன்னு நீ மூச்சு விடக்கூடாது."

"ஒருத்தரா?" டெஸ்மண்ட் சிரித்தார். "எண்ணறதுக்கு உன் கை விரல் பத்தாது."

மறு ஞாயிறு புறப்பட்டோம். டெஸ்மண்ட் திருமணத்துக்குப் போகிறவர்போல் முடியை வாரியிருந்தார். பென்ட்ரூவின் எல்லைப் பலகை கடந்தது. அதே டிராக்டர் எதிரே வந்தது. டெஸ்மண்ட் முந்திக்கொண்டு விரலை உயர்த்தினார். டிராக்டர்க்காரர் எங்களைப் பார்த்தார். பிறகு, அறுவடைக்கு இன்னும் வெகுநாள் இருக்கும் கோதுமையை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

"கண்ணு சரியில்ல போல, பாவம்" என்றார் டெஸ்மண்ட்.

பெட்ரோல் நிலையத்தில் நின்றவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"அவருக்கும் கண்ணா?" என்றார் லோர்னா. "இல்ல, முதுகுல ஏதாவது கோளாறா?"

காவலர் எங்களைக் கடந்தபோது தலையை மட்டும் இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தார். தெருவோரம் படுத்திருந்த நாய்கூட எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. டெஸ்மண்டின் விரல் உயர்ந்தபடியே இருந்தது. அதை இறக்க மறந்துவிட்டார். லோர்னாவுக்குச் சளி முற்றிலும் குணமாகியிருந்தது. அவ்வளவு மலர்ச்சியாக அவரை நான் அந்தக் குளிர்காலத்தில் பார்க்கவில்லை.

பேக்கரிக்கு முன் காரை நிறுத்தியதும், கையெல்லாம் மாவோடு கடைக்காரர் வேகமாக வெளியே வந்து கூரையைத் தட்டினார்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ரெக்ஸ் நீ இந்தப் பக்கம் வர்ற? ஃபைனல்ல, கடைசிக் கால்வாசி ஆட்டம் பூரா எம் பையன பெஞ்சுல உக்கார வெச்சியே! ஒரே ஒரு உதைல கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு. பத்து நிமிஷம் அவன உள்ள விட்டிருந்தா..."

குனிந்து உள்ளே பார்த்தவர் பேச்சை நிறுத்தினார்.

"நீங்க ரெக்ஸ் இல்ல."

"இல்ல. டெஸ்மண்ட்."

"அப்ப இந்தக் காரு?"

"என்னோடது."

"ரெக்ஸ் லிண்ட்னர்னு, எங்க ஊர் ஃபுட்பால் டீம் கோச். அவனும் இதே காருதான். போன வாரம் வரைக்கும் அவன் எங்களுக்குச் சாமி மாதிரி. நேத்து தோத்துட்டோம்." கடைக்காரர் காரை மறுபடி பார்த்தார். "இந்தக் கலர்ல இன்னொருத்தனும் வாங்குவான்னு யாருப்பா நெனச்சா?"

"வாங்கின நாள்லேர்ந்து நானும் அதையேதான் கேக்கறேன்" என்றார் லோர்னா.

"மன்னிச்சுக்குங்க மாப்ள" என்று கூரையில் பதிந்த மாவைத் துடைத்துவிட்டு, மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் அவர் கடைக்குள் போய்விட்டார்.

டெஸ்மண்ட் காரைக் கிளப்பினார். அமைதியைக் கலைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"செமஃபோர் பாலத்துல ஒரு பெலிகன் பறவை இருந்துச்சாம்" என்றேன். "தினம் சாயங்காலம் ஒரு மீன்காரர் வாளியோட வருவாராம். தன்னோட அழகப் பாக்கத்தான் வர்றார்னு அது நெனச்சுக்கிட்டு எறகக் கோதிக்கிட்டு நிக்குமாம். ஒரு நாள் அவரு..."

"நெவில்" என்றார் டெஸ்மண்ட்.

"சொல்லு."

"வேண்டாம்."

நிறுத்திக்கொண்டேன். பள்ளியிலும் என் கதைகள் பாதியில்தான் நிற்கும். அங்கே மணி அடிக்கும்.

ஊருக்கு வெளியே, விளையாட்டுத் திடலை ஒட்டி, வயலைப் பார்த்தாற்போல் காரை நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கேலி செய்ய இடமில்லாத முகம் அது. செமஃபோரில் தன் இரும்புக்கடையை மூடிய பிறகு, தெருவில் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வந்ததை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அன்று சொன்னார்.

"கடைக்கு வர்றவன் ஆணிக்காக வர்றானா எனக்காக வர்றானான்னு அப்பல்லாம் யோசிச்சதில்ல. இப்பத்தான் தெரியுது, ஆணிக்காகத்தான்." பெருமூச்சு விட்டார். "கிரேஞ்சுக்கே போயிடலாம் லோர்னா. நீ ஜெயிச்சுட்ட."

லோர்னா கண்ணாடியை ஏற்றிவிட்டு என் பக்கம் கையைப் பின்னால் நீட்டினார், பிளாஸ்கைக் கொடுத்தேன். முன்னே பச்சைக் கோதுமை, காற்று வரும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளுத்து, மீண்டு எழுந்துகொண்டிருந்தது. தேநீர் ஆறும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார நிறுத்த எடம் தாராளமா இருக்கு" என்றார் கடைசியில். பிறகு, "அந்த பேக்கரிக்காரர் நாம எந்த ஊருன்னு கூடக் கேக்கல, கவனிச்சியா? வந்தாரு, திட்டினாரு, போயிட்டாரு. நல்ல மனுஷன்" என்றார்.

டெஸ்மண்ட் கவனிக்கும் நிலையில் இல்லை. காரைத் திருப்பினார். நெடுஞ்சாலையில் போகவேண்டாம், அவமானம் போதும் என்று வயல்களுக்கு நடுவே போகும் மண்சாலையில் விட்டார். எதிரே தூரத்தில் புழுதி தெரிந்தது. பழக்க தோஷம், அவர் விரல் தானாக உயர்ந்தது.

புழுதிக்குள்ளிருந்து வந்தது ஒரு கடுகு நிற வேகன்.

அதை ஓட்டி வந்தவர் எங்கள் காரைப் பார்த்தார், டெஸ்மண்டின் விரலைப் பார்த்தார். அவர் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தது விரலை அல்ல. முழுக் கையையும் எடுத்து, தண்ணீரில் தத்தளிக்கிறவர் கரையில் இருப்பவர்களைக் கூப்பிடுவதுபோல் ஆட்டினார். பிரேக் போட்டு, பின்னோக்கி வந்து, எங்கள் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். நீண்ட முகமும் தூங்காத கண்களுமாக இருந்தார்.

"நீங்க வெளியூரா?" என்றார்.

"ஆமா. நீங்கதான் ரெக்ஸா?" என்றார் டெஸ்மண்ட்.

"துரதிர்ஷ்டவசமா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து எனக்கு விரல் காட்டின மொத ஆள் நீங்கதான் மாப்ள. எம் பொண்டாட்டியே காட்டல. ஊருக்குள்ள போகாம இப்படியேதான் சுத்திச் சுத்தி வரேன்."

"ஒரு நிமிஷம்" என்று லோர்னா குறுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "நெவில், நடுவர் நீதான். இவரு இந்த ஊர்க்காரர். என் கண்ணெதிர்ல கையத் தூக்கியிருக்காரு. கணக்குல சேருமா, சேராதா?"

"சேராது" என்றார் டெஸ்மண்ட் முந்திக்கொண்டு. பொய்யான வெற்றியை அவர் என்றுமே வாங்கியதில்லை. "அவரும் காரைப் பாத்துத்தான் தூக்கியிருப்பாரு."

"இல்லையே" என்றார் ரெக்ஸ். "என் கார்தான் எனக்கு வெறுத்துப் போச்சே. உங்க விரலப் பாத்துத்தான்."

முடிவு என்னிடம் வந்தது. சேராது என்றால் கிரேஞ்ச்; என் வீட்டிலிருந்து பக்கம்தான். நினைத்த மாத்திரத்தில் போய்ப் பார்க்கலாம். சேரும் என்றால் ஞாயிறுகளில் எனக்குப் பின் இருக்கையும் இல்லை, மடியில் பிளாஸ்கும் இல்லை. லோர்னா என்னைப் பார்த்த பார்வையில் அவர் எந்தத் தீர்ப்பை விரும்புகிறார் என்பது எழுதி ஒட்டியதுபோல் தெரிந்தது.

"சேரும்" என்றேன். "முழுக் கையில ஆள்காட்டி விரலும் அடக்கம்."

லோர்னா ரெக்ஸின் பக்கம் சாய்ந்தார். "ஒண்ணு கேக்கணும். தேவாலயத்துக்குப் பின்னால இருக்கற கல் வீட்டுக்கு நாங்க குடி வந்தா, கேக்கைத் தூக்கிக்கிட்டு யாராவது வருவாங்களா?"

ரெக்ஸ் எங்கள் காரின் நிறத்தை முன்பக்கம் முதல் பின்பக்கம் வரை பார்த்தார். "இந்தக் காரோடவா? அடுத்த சீசன் வரைக்கும் வாய்ப்பே இல்லம்மா."

"அப்ப சரி" என்று லோர்னா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "டெஸ், நாளைக்கு அந்தத் தரகருக்குப் போன் பண்ணிடு."

டெஸ்மண்ட் மனைவியைப் பார்த்தார், கோதுமையைப் பார்த்தார், ரெக்ஸைப் பார்த்தார். எங்கள் நாட்டு ஃபுட்பாலின் முட்டை வடிவப் பந்தின் பின்னால் ஆட்கள் ஓடுவதைத் தன் வாழ்நாளில் ஒரு முறைகூட முழுதாகப் பார்த்திராத அந்த மனிதரின் புருவம் மெல்ல நெரிந்தது. ஜன்னலில் முழங்கையை ஊன்றி, பென்ட்ரூவிலேயே பிறந்து வளர்ந்தவரின் மனக்குறையோடு கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும் ரெக்ஸ். அந்த பேக்கரிக்காரர் பையன என்னத்துக்குய்யா பெஞ்சுல உக்கார வெச்ச?"