சிவப்பு டேப் ஒட்டிய வரிசை

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாராவது ‘கேபிள்’ என்று வாயைத் திறந்தால் போதும், நாலு பேரும் உரிமை கொண்டாட வந்துவிடுவார்கள். கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அவர் தம்பிக்குத் தெருத் தெருவாக டி.வி. இணைப்பு கொடுக்கும் வேலை. மகள் கப்பல் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி கையில் எப்போதும் ஸ்வெட்டர் பின்னும் ஊசி.

“யாரை வேணும்னாலும் கேளுங்கண்ணா, கேபிள்காரர்னா என் வீட்டைத்தான் கை காட்டுவாங்க,” என்பான் தம்பி.

“ஒரு மழைக்குத் தாங்குமாடா உன் ஒயரு? என்னோடது பதிமூணு பேரைத் தூக்கிட்டுப் போகுது.”

“அதை ரோப்னுதானே சொல்வீங்க? இங்க வந்து கேபிள்னு கட்சி மாறினா எப்படி?”

“மேல தூக்குறது ரோப். லிஃப்ட்டுக்கு அடியில கரண்டைக் கொண்டுட்டுப் போகத் தொங்குதே, அது கேபிள். ரெண்டுமே என் கைலதான் இருக்கு, போடா.”

மகளும் விடமாட்டாள். கப்பலில் நங்கூரச் சங்கிலியும் கேபிள்தான், தூரமும் கேபிள்தான், பத்துக் கேபிள் சேர்ந்தால் ஒரு கடல் மைல் என்பாள். “தூரத்தையும் சுருட்டி வச்சிருக்கீங்களா கேப்டன்?” என்று அவர் கேட்பார். பிறகு, தந்தி ஆபீஸில் வேலை பார்த்த தன் அப்பாவின் நினைவு வந்துவிடும். “அப்பா காலத்துல வெளிநாட்டுத் தந்திக்குக் கேபிள்னு பேரு. அப்பல்லாம் கேபிள் வந்தா வீடே நடுங்கும். இப்ப இவன் கேபிள் வரலைன்னாத்தான் வீடு நடுங்குது.”

எல்லோரும் ஓய்ந்த பிறகு, பின்னலிலிருந்து தலை நிமிராமல் மனைவி சொல்வாள்: “என்னோடதைத்தான் உடம்புல போட்டுக்க முடியும்.”

அவளுடைய கேபிள் என்பது ஸ்வெட்டரில் ஓடும் பின்னல். முறுக்கிய கயிறு போலக் கீழிருந்து மேலே ஏறும். எட்டு வரிசைக்கு ஒருமுறை மூன்று கண்ணிகளைக் குட்டி ஊசியில் எடுத்துப் பின்னால் ஒதுக்கி, அடுத்த மூன்றை முதலில் பின்ன வேண்டும். அப்போது முறுக்கு வலப்பக்கம் சாயும். மறந்து முன்னால் ஒதுக்கிவிட்டால் இடப்பக்கம் சாயும். அவ்வளவுதான் வித்தை.

அவரை வேலையிடத்துப் பழக்கங்கள் வீட்டிலும் விடாது. இரும்புக் கயிற்றை வெட்டுவதற்கு முன் வெட்டப்போகும் இடத்தைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரிகள் பிரிந்து சிதறிவிடும். அதனால் அவர் எதையும் கட்டாமல் வெட்டமாட்டார். அவளுடைய கம்பளி நூலுக்குக்கூடச் சிவப்பு டேப்பைச் சுற்றித்தான் கத்திரி வைப்பார். “இது நூலுங்க, பாய்ஞ்சு வந்து கண்ணைக் குத்தாது,” என்பாள் அவள். டேப் சுற்றுவது மட்டும் நிற்காது.

கயிற்றைச் சோதிக்கும்போது ஒரு பழைய துணியை அதன்மேல் வைத்து ஓட்டிக்கொண்டே போவார். கம்பி ஒன்று அறுந்திருந்தாலும் துணி சிக்கும். சிக்கிய இடத்தில் சிவப்பாக ஒரு குறி, பதிவேட்டில் தேதி, ஒரு கையெழுத்து. ஒன்றும் சிக்காவிட்டால் கீழே பார்த்துக் குரல் கொடுப்பார்: “ஆளை ஏத்தலாம்!”

இதயம் தளர்ந்து அவர் வீட்டோடு இருந்த மூன்று மாதத்தில்தான் மகளுக்கான ஸ்வெட்டரை அவள் தொடங்கினாள். நூல் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்குத் தேவையான அளவுக்கு நூலை விட்டுக்கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் கைக்குட்டையை எடுத்துப் பின்னலின் மேல் ஓட்டத் தொடங்கினார். “இதென்ன லிஃப்ட்டா? கையை எடுங்க. இனிமே என் பின்னலைப் பத்திப் பேசினீங்கன்னா பாருங்க!” என்று அவள் எரிந்து விழுந்தாள். அவர் வாயைப் பொத்திக் காட்டினார். அதற்குப் பிறகு பின்னலைப் பற்றிப் பேசவே இல்லை, சொன்ன சொல் தவறாத மனிதர்.

அவர் போய் ஐந்து மாதமாகிவிட்டது. ஸ்வெட்டர் பைக்குள்ளேயே கிடந்தது. முதுகும் கைகளும் முடிந்திருந்தன. முன்பக்கத்தில் கழுத்து மட்டும் பாக்கி. இன்னும் எட்டு நாளில் மகள் கப்பலேற வேண்டும், குளிர்க் கடல். தாய் பையைத் திறந்து முன்பக்கத்தை வெளியே எடுத்தாள். உள்பக்கத்தில் விரலில் ஏதோ பட்டது.

ஒரு கண்ணியைச் சுற்றிச் சின்னதாகச் சிவப்பு டேப். அதன்மேல் பேனாவில் தேதி, அவர் கையெழுத்து. அவர் போவதற்குப் பதினோரு நாள் முன்னால்.

திருப்பிப் பார்த்தாள். நடுப் பின்னலில், நாற்பது வரிசைக்குக் கீழே, ஒரே ஒரு முறுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“கண்ணுல பட்டிருக்கு, சொல்லலை பாரு,” என்றாள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இதைச் சரி செய்ய வேண்டுமென்றால் நாற்பது வரிசையை அவிழ்க்க வேண்டும். அந்த நாற்பது வரிசையின் நூலும் அவர் கைவழியாக வந்தது. அவிழ்த்துவிட்டால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களே நூலாகிப் போகும்.

“அப்படியே விட்டுடும்மா,” என்றாள் மகள். “கப்பல்ல யாரு இதை உத்துப் பாக்கப் போறா?”

“அப்பா பாத்துட்டாரே. விட்டுட்டுப் போறதுக்கா அந்த மனுஷன் குறி போடுவாரு?”

“அப்ப அவுத்துடு.”

“அதுவும் முடியாதுடி.”

டி.வி. பெட்டியை மாற்ற வந்திருந்த கொழுந்தன் கதையைக் கேட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு அருகில் வந்தான். “எனக்குப் பின்னல் தெரியாது அண்ணி. ஆனா ஒரு வீட்டுல படம் வரலைன்னா தெரு ஒயரையெல்லாமா அறுத்துப் போடுவேன்? அந்த வீட்டு லைனை மட்டும்தானே இறக்குவேன்.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வழி அவளுக்குத் தெரியாததல்ல. ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, அந்த ஒரு பின்னலை மட்டும் கீழே வரை இறக்கி, மறுபடி ஏற்றலாம். நாலைந்து வரிசைக்குச் செய்திருக்கிறாள். நாற்பதுக்குத் துணிந்ததில்லை. பக்கத்துக் கண்ணி ஒன்று கைநழுவினால் எல்லாமே போய்விடும்.

“ரெண்டு பேரும் இங்க வாங்க,” என்றாள். “நீ இந்தப் பக்கம் பிடி. தம்பி, நீங்க அந்தப் பக்கம். தும்மினீங்கன்னா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்.”

ஆறு கண்ணிகளை விட்டாள். படிக்குப் படி பின்னல் இறங்கியது. நடுவில் வெறும் நூல்கள் குறுக்கே ஏணிப்படி போல நின்றன. இருபுறமும் அவருடைய நாட்கள் அசையவில்லை. சிவப்பு டேப் வரை வந்ததும் அதைப் பிரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். மூன்று கண்ணியைப் பின்னால் ஒதுக்கினாள், ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள், பின்னினாள். அதே நூல், அதே படிகள், ஒவ்வொன்றாக மேலே ஏறின.

“அண்ணி, மூக்கு அரிக்குது.”

“அரிக்கட்டும்.”

“சித்தப்பா, மூச்சையாவது விடுங்க!”

கடைசிக் கண்ணி ஊசியில் ஏறியபோது மதியம் தாண்டியிருந்தது. கொழுந்தன் கையை எடுத்ததும் மூன்று தும்மல் தும்மினான்.

கழுத்தைப் பின்னி, முதுகையும் கைகளையும் சேர்த்துத் தைத்து முடித்தபோது மகள் புறப்படும் நாள் வந்துவிட்டது. நூலை அறுக்கும் நேரத்தில் அவள் மேசை இழுப்பறையைத் திறந்து சிவப்பு டேப்பை எடுத்தாள். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கத்திரியை வைத்தாள். மகள் அப்பாவின் கைக்குட்டையை எடுத்து வந்து, பின்னலின்மேல் கீழிருந்து கழுத்துவரை மெல்ல ஓட்டினாள்.

“எங்கயும் சிக்கலைம்மா.”

புறங்கையில் ஒட்டிய அந்தத் துண்டு டேப்பை அவள் அன்றே, வீட்டில் இருந்த அவருடைய பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றி ஒட்டியிருந்தாள். அவருடைய தேதிக்குக் கீழே அவள் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். மகள் ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கைகளை நீட்டித் திரும்பி நின்றாள்.

அவள் சுற்றிவந்து பார்த்தாள். தோளை ஒருமுறை இழுத்துவிட்டாள். பிறகு, வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்த கொழுந்தனுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

“ஆளை ஏத்தலாம்!”