திறக்க மறுத்த மாப்பிள்ளை

முப்பத்தெட்டு வயதில் இமெல்டாவுக்கு ஒரு வரன் வந்தது, அதுவும் ஈமெயிலில். ஜெர்மனியிலிருந்த அவளுடைய தம்பி பார்த்துச் சொன்ன ஆள். பெயர் ஒஸ்வால்ட். நோர்வேயில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை.

அது இரண்டாயிரமாம் ஆண்டு, போர்க்காலம். இமெல்டா கொழும்புத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட். வீடு கொட்டாஞ்சேனையில். அங்கேயும் ஈமெயில் பார்க்கிற கடைகள் இருந்தன. ஆனால் சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தால், ஞாயிறு பூசைக்கு முன்பே கோயில் வாசலில் மாப்பிள்ளையின் சம்பளம்வரை கதைத்து முடித்துவிடுவார்கள். அதனால் அவள் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், சிவானந்தன் என்பவரின் ஈமெயில் கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

ஒஸ்வால்ட் நன்றாக எழுதுவார். பனியைப் பற்றி எழுதுவார், கருவாடு தேடி அலைந்த கதையை எழுதுவார். தன் படத்தையும் அனுப்பினார். அதுதான் திறக்கவில்லை.

"இதை எதில திறக்கிறது எண்டு கம்பியூட்டர் எங்களிட்டயே கேக்குது, மிஸ்" என்றார் சிவானந்தன். "எங்களுக்குத் தெரிஞ்சா நாங்கள் ஏன் அதுக்கிட்டப் போறம்?"

திறக்கவில்லை என்று எழுதினாள். மீண்டும் அனுப்பினார். அதுவும் திறக்கவில்லை. மூன்றாம் முறையும் அனுப்பி, "இப்போது பார்த்தீர்களா?" என்று கேட்டபோது இமெல்டாவுக்கு அவரை நினைக்கப் பாவமாகிவிட்டது. "பார்த்தேன். நன்றாக இருக்கிறீர்கள்" என்று எழுதிவிட்டாள்.

அடுத்த கிழமை பதில் வந்தது. "உங்களுக்குப் பிடித்தது பெரிய சந்தோஷம். டிசம்பரில் வருகிறேன். பாதரிடம் நாள் கேளுங்கள்."

இமெல்டா சிவானந்தனைக் கூப்பிட்டாள். "அண்ணன், எப்பிடியாவது திறவுங்கோ" என்று கெஞ்சினாள். சிவானந்தன் அந்தக் கோப்பைக் கடிதம் எழுதும் மென்பொருளில் போட்டு இழுத்தார். திறந்தது. நாற்பத்தாறு பக்கம். எல்லாப் பக்கத்திலும் கட்டங்களும் கொம்பு முளைத்த எழுத்துகளும் நிறைந்திருந்தன. திங்கட்கிழமை ஒபிசுக்குக் கம்பியூட்டர் திருத்த வருகிறவரிடம் காட்டலாம் என்று, முதல் பக்கத்தை அச்செடுத்து, கோப்பை ஒரு டிஸ்கெட்டில் ஏற்றி, இரண்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். கைப்பையைக் கிளறிய பொலிஸ்காரர் அந்தத் தாளை விரித்தார். நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"மேக்க மொகத?"

என்னவென்று கேட்கிறார் என்று புரிந்தது. பயத்தில் சிங்களச் சொல் வரவில்லை. "மாப்பிள்ளை" என்றாள் தமிழில். பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கேட்டதைத் தமிழில் சொல்ல, பலீல் என்ற கான்ஸ்டபிளை உட்கார்த்தினார்கள்.

"இது என்னண்டு ஐயா கேக்குறாரு."

"ஆள், சேர்."

"ஆள் எங்க?"

"உள்ளுக்குத்தான் இருக்கிறார்."

"எத்தின நாளா?"

"மூண்டு கிழமையா. எவ்வளவு தட்டியும் திறக்கேல்லை."

பலீல் இதைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.

"யாரு அனுப்பினது?"

"அவர்தான். தன்னைத் தானே அனுப்பினவர்."

இன்ஸ்பெக்டரின் விரல் தாளின் முதல் வரியில் நின்றது. அத்தனை கிறுக்கலுக்கும் நடுவில் நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் பளிச்சென்று இருந்தன: ஜே, எவ், ஐ, எவ்.

"ஜே.எவ்.ஐ.எவ். எண்டா எந்த இயக்கம்?" என்று பலீல் தாழ்ந்த குரலில் கேட்டார்.

இமெல்டா அப்படியொரு இயக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. இன்ஸ்பெக்டரும் கேள்விப்பட்டதில்லை, அவரைக் கலக்கியது அதுதான். தொலைபேசியை எடுத்து மேலிடத்துக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னார். மேலிடம் சற்று நேரம் தேடிப்பார்த்து, தங்களிடமும் விவரம் இல்லை என்றது; உறுப்பினர் எத்தனை பேர் என்றும் கேட்டது.

"எத்தின பேர்?" என்றார் பலீல்.

"ஒராள்தான் சேர்" என்று சொல்லி இமெல்டா அழத் தொடங்கினாள். விசாரணைக்கென்று போனவர்கள் அன்றைக்கே வீடு திரும்பாத காலம் அது. வீட்டில் அம்மா தனியே இருந்தார்.

அப்போதுதான் கோப்பு அடுக்க வந்த பெண் கான்ஸ்டபிள் தாளை எட்டிப் பார்த்தார். நுகேகொடையில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறவர். இது இயக்கம் இல்லை சேர், படம், படக் கோப்புகளின் தலையில் இந்த நான்கு எழுத்து இருக்கும், என்றார். "ஓம், மாப்பிள்ளையின்ட படம், திறக்கேல்லை" என்றாள் இமெல்டா. அப்படியானால் கோப்பின் பெயரில் வால் அறுந்திருக்கும் என்றார் அவர். டிஸ்கெட்டை வாங்கி நிலையத்தின் ஒரே கம்பியூட்டரில் போட்டு, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் தட்டினார்.

படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. வானம் வந்தது. மலை வந்தது. சாவடியில் நின்றவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு தொப்பி வந்தது; பிறகு இன்னொரு தலை வந்தது. கடைசியில், படகின் பக்கத்தில் இரண்டு ஆண்கள் நின்று சிரித்தார்கள்.

"இதில மாப்புள யாரு?" என்றார் பலீல்.

இமெல்டா இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மாப்புள எண்டீங்க, ஆளத் தெரியாதா?"

வேறு வழியின்றி எல்லாவற்றையும் சொன்னாள். பார்க்காத படத்தைப் பார்த்தேன் என்று எழுதியதையும் சொன்னாள். ரகசியத் தாளுக்கு வராத கோபம் இன்ஸ்பெக்டருக்கு இதற்கு வந்தது. கலியாணம் செய்யப்போகிற மனிதனிடம் முதல் வேலையாகப் பொய்யா? இன்றைக்கே உண்மையை எழுத வேண்டும் என்று பலீல் மூலம் உத்தரவிட்டார். வேடிக்கை பார்த்தவர்களில் ஒன்பது பேர் இடப்பக்கத்து மீசைக்காரர்தான் மாப்பிள்ளை என்றார்கள். இமெல்டாவும் மனதுக்குள் அப்படித்தான் விரும்பினாள். இன்ஸ்பெக்டர் மேலிடத்தை அழைத்து இயக்கமே இல்லை என்றார். கோப்பு ஏற்கெனவே தொடங்கியாயிற்று, ஓர் உறுப்பினர் என்று பதிந்தாயிற்று, இனி அழிக்க முடியாது என்று பதில் வந்தது.

இமெல்டா வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளவத்தைக்கே திரும்பி, சிவானந்தனின் கடையில் உட்கார்ந்து எழுதினாள். "நான் எழுதியது பொய். படம் இன்றைக்குத்தான் திறந்தது, அதுவும் பொலிஸ் நிலையத்தில். இரண்டு பேரில் நீங்கள் யார்?"

அடுத்த சனிக்கிழமை ஒஸ்வால்ட் கடைக்கே தொலைபேசி எடுத்தார். அவருடைய குரலை அவள் அன்றுதான் முதல் முறை கேட்டாள்.

"தொப்பி போட்டவன்தான் நான். மற்றவர் என்னோட வேலை செய்யிறவர். நீங்கள் அவரை எண்டு நினைச்சனீங்களோ?"

இமெல்டா ஒரு கணம் கண்ணை மூடினாள். "ஓம்" என்றாள்.

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. அடங்கவே நெடுநேரம் ஆயிற்று. "எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை. அப்ப, டிசம்பரில நான் வரட்டோ?"

"வாங்கோ" என்றாள்.

வந்தார். ஜனவரியில் கொட்டாஞ்சேனையில் கலியாணம் நடந்தது. நேரில் பார்த்தபோது அவர் படத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தார். தொப்பியைக் கழற்றினால் தலையில் முடியும் இருந்தது.