வெள்ளைக் களிம்பு

ஞானசேகரம் இறந்து நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தன. அவருடைய அக்கா கனகம்மா, முக்காலியில் நின்ற மேசை விசிறியின் கழுத்தைப் பிடித்துக் கணினியின் பக்கமிருந்து உடலின் பக்கம் திருப்பினார்.

"இப்பவாவது என்ர தம்பிக்குக் கொஞ்சம் காத்துப் படட்டும்."

ஞானசேகரத்தின் மகள் சுபோதினி பிரிண்டரின் முன்னால் முழந்தாளிட்டு, மூன்று பிரதி ஒன்றாக விழும் துளைத்தாளை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றிரண்டாவது தாள் கரகரவென்று ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கட்டில் அங்கிருந்து நாலடி தள்ளித்தான் கிடந்தது. பதினொரு கிழமைக்கு, இரண்டரை மாதத்துக்கு முன் பாரிசவாதம் இடப்பக்கத்தை இழுத்தபோது கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் பிளக் கூடத்தில் மட்டுந்தான் இருந்தது. விசிறியும் ஒன்றுதான்.

கனகம்மா மாமி அதோடு விடவில்லை. அலுமாரியிலிருந்து துவைத்த வேட்டி ஒன்றை எடுத்து வந்தார்.

"செத்த வீட்டில கண்ணாடியை மூடியாச்சு, டிவியை மூடியாச்சு. உந்த மெசினை மட்டும் ஏன் திறந்து வைச்சிருக்கிறியள்? ஆக்கள் வந்தால் என்ன சொல்லுவினம்?"

வேட்டி கணினியின் மேல் விழுந்தது. பெட்டியின் பக்கத் தகட்டை ஏற்கனவே கழற்றியிருந்தாள். அந்தத் திறந்த பக்கத்தையும் துணி மூடியது. சுபோதினி வாயைத் திறந்தாள். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். நாலு பேர் முன்னால் பேசவேண்டி வந்தால் அவளுக்கு வார்த்தை வராது. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் வாய்மொழிப் பரீட்சையில் அப்படித்தான் பத்துப் புள்ளி போனது.

ஏழு நிமிடத்தில் பிரிண்டர் நின்றது. வேட்டியை விலக்கிப் பார்த்தாள். திரையில் கோடு மினுங்கவில்லை. அது உறைந்துவிட்டது.

அந்தக் கணினி ஒரு தொண்டு நிறுவனம் திருகோணமலையை விட்டுப் போனபோது குப்பைக்குப் போட்டது. அப்பா அதைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். கடற்கரை உப்புக்காற்றில் உள்ளே இருந்த சின்ன விசிறி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கொழும்புக்கு எழுதிப் போட்ட புது விசிறி எந்தச் சோதனைச் சாவடியில் கிடந்ததோ, மூன்று மாதமாக வரவில்லை. காற்றில்லாமல் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். பிறகு புரொசஸர் கொதித்து அப்படியே நின்றுவிடும். ஒருமுறை அப்படி நின்றபோது அறுபது பேருடைய விபரம் அழிந்தது. அப்பா வழங்காத இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் பத்து நாள் தட்டி அதை மீட்டார்.

அவர் மீனவர் சங்கத்துக் கிளாக்கர். நிலாவெளி தொடக்கம் இறக்கக்கண்டி வரை நூற்று எண்பத்தாறு பேர் சங்கத்தில் இருந்தார்கள். கடலுக்குப் போக ஒவ்வொருவருக்கும் கடற்படையின் பாஸ் வேண்டும். இந்தமுறை ஆளுக்கு ஒரு தாள், மூன்று பிரதி, தட்டச்சில் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். இன்று நாலு மணிக்குள் கொடுக்காவிட்டால் முதலாந் தேதியிலிருந்து ஒரு வள்ளமும் இறங்காது. சங்கக் கட்டடத்தோடு பழைய பெயர் இடாப்புகள் எரிந்த பிறகு, அந்த நூற்று எண்பத்தாறு பேரும் இந்தப் பெட்டிக்குள் மட்டுந்தான் இருந்தார்கள்.

காலை ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பிற்பகல் இரண்டுக்குப் போய்விடும். ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம். அவள் கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கில், அப்பாவின் மூச்சு நின்ற ஆறு மணி பத்து நிமிடம் இருக்கவில்லை.

"ஏன் நிண்டுட்டுது?" மாமிதான் கேட்டார்.

"சூடு," என்றாள் சுபோதினி.

"சூடோ? விடியப்புறம் அவன் மூச்சு இழுக்கேக்கை விசிறி எந்தப் பக்கம் நிண்டது? சொல்லு பாப்பம். நான் வந்து பாக்கேக்கை அது உந்தப் பெட்டியைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டது. பெத்த தேப்பன்ரை காத்தைப் பறிச்சு மெசினுக்குக் குடுத்த பிள்ளையை நான் இஞ்சைதான் காணுறன்."

தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்து சுபோதினியை ஒருதரம் பார்த்தார். விடியவும் அதே பார்வைதான். "நீயோ திருப்பினனி?" என்று அப்போது மெல்லக் கேட்டிருந்தார். கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்து, மூச்சு நின்ற புருஷனையும், அவரைப் பார்க்காமல் நின்ற விசிறியையும் கண்ட முகம் அது. சுபோதினி பதில் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அந்த நேரம் நீ எங்கை நிண்டனி? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அவளுடைய பயம் அந்தப் பதில்தான்.

அவள் அப்போது செய்தது ஒன்றே ஒன்று. கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு பாயை விரித்தாள். பிறகு எவரையும் அந்தப் பாயை அசைக்க விடவில்லை.

வெளியே படலை திறந்தது. சங்கத் தலைவர் பக்கீர் தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். சாரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கரைவலையை இடையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பக்கீர் கட்டிலருகே போய்த் தலைகுனிந்தார்.

"கிளாக்கர் ஐயா, இப்பிடிச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே."

பிறகு கணினியைப் பார்த்தார். அடுக்கியிருந்த தாள்களைப் பார்த்தார். பாஸைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதுதான் சுபோதினியால் தாங்க முடியாமல் இருந்தது.

"தொண்ணூத்தஞ்சு முடிஞ்சுது, பக்கீர் நாநா," என்றாள் தரையைப் பார்த்தபடி. "காத்து வேணும்."

"விசிறி தம்பிக்கு," என்றார் மாமி.

"அது அவருக்கே இருக்கட்டும் அம்மா," என்றார் பக்கீர். "மகள், ஓலை விசிறி இருக்கா வீட்டில?"

குசினியில் இரண்டு பனையோலை விசிறிகள் இருந்தன. அஸீம் என்ற கறுத்த நெடிய இளைஞன் ஒன்றை வாங்கிக்கொண்டான். சுபோதினி பெட்டிக்குள்ளே காட்டினாள். கைக்கடக்கமான பச்சைப் பலகை, அதன் நடுவே அலுமினியச் சீப்புப் போல ஒரு துண்டு. சீப்பின் கீழே ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பிதுங்கியிருந்தது.

"இதென்ன தங்கச்சி, சுண்ணாம்பா?"

"களிம்பு. அப்பான்ரை குதிக்கால் புண்ணுக்குப் பூசிறது."

புரொசஸருக்கும் சீப்புக்கும் இடையில் இருந்த பசை காய்ந்து பொடியாகிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பின் டப்பாவில் நாக ஒட்சைட்டு, சிங்க் ஒக்சைட், என்று எழுதியிருந்ததை ஒருநாள் வாசித்தாள். வெப்பத்தைக் கடத்தும் பசையிலும் அதுதான் இருக்கும். பயறளவு எடுத்துத் தடவினாள். பத்து நிமிடம் ஓடிய மெசின் அன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. அப்பா கட்டிலில் கிடந்தபடி பாதி வாயால் சிரித்தார். "உன்ர மெசினுக்கும் படுக்கைப்புண்ணோ பிள்ளை?"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்கு இரண்டு குதிக்காலுக்கும் தடிப்பாக அந்தக் களிம்பைப் பூசி, கால்களைப் பிடித்துவிட்டு, "இண்டைக்கு ஒருக்கா எழும்பிப் பாப்பமோ?" என்று கேட்பது அவர்தான். பதினொரு கிழமையும் கேட்டார். கை கொடுத்துத் தூக்கியும் அப்பாவால் நிற்க ஏலாமலே இருந்தது.

சீப்பு ஆறியதும் சுபோதினி சுவிச்சைப் போட்டாள். பெட்டி உறுமிக்கொண்டு எழும்பியது. கோப்பைத் திறந்தாள். பெயர்கள் திரையில் வந்தன. கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். நூற்று எண்பத்தாறு. அப்போது மணி பத்தே முக்கால்.

"வீசுங்கோ அண்ணா. கீழை இருந்து மேலை. நேரே சீப்பிலை படவேணும்."

அஸீம் வீசினான். அவள் தாளைப் பிடித்தாள். ஐந்து தாளுக்கு ஒருதரம் சீப்பில் விரலை வைத்து மனதுக்குள் எண்ணினாள். மூன்றுவரை எண்ண முடிந்தால் ஓடலாம். இரண்டில் விரலை எடுக்க வேண்டிவந்தால் ஆபத்து.

பத்தாவது தாளில் அஸீமின் கை தளர்ந்தது. விரல் இரண்டிலேயே சுட்டது. சொல்லுமுன்பே இன்னொருவர் வந்து அவன் கையிலிருந்த விசிறியை, ஆட்டம் நிற்காமல், அப்படியே வாங்கிக்கொண்டார். கரைவலைக் கயிற்றில் கை மாறுகிற விதம் அது. கயிறு ஒரு கணமும் தொய்யக் கூடாது. மற்றவர்கள் தாங்களாகவே வரிசையாகக் குந்தினார்கள். பத்துத் தாளுக்கு ஓராள்.

"மெல்ல வீசுடா, அடுப்பா மூட்டுறாய்?"

"உன்ர மனுசிக்கு ஒருநாளாவது இப்பிடி வீசியிருப்பியா?"

"அவள் என்ன, பாஸா தாறாள்?"

செத்த வீடென்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுவரோரம் இருந்த பெண்களில் யாரோ மூக்கை உறிஞ்சுவதுபோலச் சிரிப்பை அடக்கினார்கள். கனகம்மா மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்றாலும் ஒப்பாரிக்கு இடையில், "இப்ப எத்தினையாம்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது சுபோதினியின் காதில் விழுந்தது.

நூற்றிருபது. நூற்றைம்பது. கச்சான் காற்று வெளியே புழுதியை அள்ளிக்கொண்டு அடித்தது. உள்ளே வெக்கையில் ஓலை விசிறி இரண்டும் விளிம்பு கிழிந்துவிட்டன. அவற்றை யாரோ நைலோன் நூலால் முடிந்து கொடுத்தார்கள். பறை வந்து முற்றத்தில் நின்றது. பிரிண்டரும் பறையும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை. நூற்று எழுபதில் சீப்பு இரண்டு எண்ணுமுன் சுட்டது. ஆறவைக்க நேரம் இல்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வீசினார்கள். வியர்வை பெட்டிக்குள் சொட்டிவிடாமல் தலையில் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு நூற்று எண்பத்தாறாவது தாள் கிழிந்து அவள் கையில் வந்தது. அந்தத் தாளில் இருந்தது அஸீமின் பெயர்.

பக்கீர் தாள்கட்டை வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி, வலை முடியும் நூலால் இறுக்கிக் கட்டினார். கட்டிலருகே போய், ஒவ்வொரு மாதமும் கணக்கு ஒப்புவிக்கிற அதே குரலில் சொன்னார்.

"கிளாக்கர் ஐயா, நூத்தி எண்பத்தாறும் சரி."

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. உடலைப் பார்த்து நின்ற விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அதற்குப் பிறகு அப்பாவைத் தூக்கினார்கள்.

பெண்கள் வீட்டில் நின்றார்கள். நாலரைக்கு அஸீம் படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே ஒரு கடதாசித் துண்டை உயர்த்திக் காட்டினான்.

"எடுத்திட்டாங்கள் தங்கச்சி! சீல் குத்தியாச்சு. வள்ளம் இறங்குது!"

சுபோதினி தலையை ஆட்டினாள். சிரித்திருக்க வேண்டும். மாமி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார்.

கூடத்தைக் கழுவ வேண்டும். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, சுபோதினி தடுப்பதற்குள் பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சிவப்புச் சீமெந்துத் தரை எங்கும் நனைந்து கறுத்தது.

கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவே மட்டும் தண்ணீர் ஒட்டவில்லை. மணி மணியாகத் திரண்டு விலகியது. வெள்ளையாக, வட்டமாக ஒரு தடம். பக்கத்தில் இழுபட்ட ஒரு கோடு. மறுபடி வட்டம், மறுபடி கோடு. போனதும் வந்ததுமாக.

அம்மா விளக்குமாற்றை வைத்துவிட்டுக் குந்தினார். முதலாவது வட்டத்தில் பெருவிரலை வைத்துத் தேய்த்து மணந்து பார்த்தார். அந்த மணத்தை அவருக்குப் பதினொரு கிழமையாகத் தெரியும். கோட்டின்மேல் விரலை வைத்து முக்காலிவரை கொண்டுபோனார்.

"குசினி வாசல்லை நிண்டனான்," என்றாள் சுபோதினி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. குசினியில் மாமியின் கோப்பைச் சத்தம் நின்றது. "மெசின் நிண்டுபோச்சு. நான் தண்ணி குடிக்கப் போனனான். திரும்பிப் பாக்க, விசிறியைத் திருப்பிக்கொண்டு நிக்கிறார். ஓடிவர வெளிக்கிட்டனான். வராதையெண்டு கையைக் காட்டினவர். பிறகு திரும்பிப் போய்ப் படுத்தவர்."

அம்மா தடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆர் பிடிச்சது?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லை அம்மா. அப்பா தனியத்தான் நடந்தவர்."