மதம் என்கிற கட்டம்

கிறிஸ்டோவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, மதம் என்கிற கட்டத்தில் 'இந்து' என்று எழுதச் சொல்லி என் அண்ணன் கெஞ்சினார். அப்போதுதான் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்கும். அவர் பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதியிருந்தார்.

"பின்னால ஒதவும் அம்மிணி. உன்னைய சர்ச்சுக்குப் போவேண்டாம்னா சொல்றேன்?"

நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபித்துவிட்டுத் திங்கட்கிழமை பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. 'கிறிஸ்தவர்' என்று எழுதிவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தேன். என் பெருமையில் மண் விழ!

கிறிஸ்டோ வளர்ந்து, காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் லாரி ஓட்டினான். ஆசைப்பட்டு ஒரு புல்லட் வாங்கினான். எங்கள் காலனியிலிருந்து மெயின்ரோட்டுக்குக் கோயில் வீதி வழியாகத்தான் போக வேண்டும். அந்த வீதிக்காரப் பையன்கள் மூன்று பேர் மறித்தார்கள். சாதிப் பேரைச் சொல்லித் திட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் போகச் சொன்னார்கள். இவன் மாட்டேன் என்றான். கீழே தள்ளி, முழங்காலை மிதித்தே உடைத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். கிறிஸ்டோவின் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வன்கொடுமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாதுங்கம்மா. கிறிஸ்தவங்க பி.சி.ல வாரீங்க. அடிதடி கேஸாத்தான் போட முடியும்."

"சாதியச் சொல்லித்தானுங்களே அடிச்சானுக?"

"சொல்லியிருப்பானுக. சர்டிபிகேட்ல அது இல்லீங்களே."

"அடிக்கறப்ப சர்டிபிகேட் கேட்டா அடிச்சானுக?" என்று கத்திவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், சட்டத்தை அவரா எழுதினார்? மூன்று பேரும் அன்று சாயங்காலமே ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கிறிஸ்டோவிடம் சொன்னேன்.

"மாமா பையனை அடிச்சிருந்தா இந்நேரம் உள்ள இருந்திருப்பானுக. ஒரு வார்த்தைய மாத்தி எழுதியிருக்கலாமுங்கம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

ஐந்து மாதம் கழித்து, நேற்று, புல்லட்டை மறுபடி எடுத்தான். சந்தைக்குப் போக நானும் பின்னால் உட்கார்ந்தேன். கோயில் வீதி முனையில் வண்டியை அணைத்தான். இறங்கினான். செருப்பைக் கழற்றிச் சந்தைப் பையில் போட்டான். நொண்டிக்கொண்டே தள்ளினான். அந்த மூன்று பேரும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க கிறிஸ்டோ, காலு பரவால்லீங்களா?" என்று ஒருவன் சிரித்தான்.

"பரவால்லீங்க" என்றான் என் மகன்.

நான் செருப்போடுதான் நடந்தேன். கிறிஸ்டோ திரும்பி என் காலைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போனது.

"கழட்டிருங்கம்மா" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

குனிந்து, பள்ளிக்கூடத்தில் உண்மை எழுதிய அதே கையால் கழற்றினேன்.