படிவத்தில் போட்ட குறி

எச்.ஐ.வி. தொற்றியவர்களின் உடம்பில், கிருமியை முதலில் எதிர்க்கும் அணுக்கள் எப்படிச் சோர்ந்துபோகின்றன என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, தொற்றில்லாத ரத்தம் வேண்டும். அதற்கு, அங்கே ஆய்வாளராக இருந்த அவள் தன் தம்பியைப் பிடித்து வைத்திருந்தாள். வீட்டில் அவனுக்குத் தடியன் என்று பெயர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து கையை நீட்டுவான்.

ரத்தம் தருபவருக்குத் தொற்று உண்டா என்று ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே எடுக்க வேண்டும். கூடப் பிறந்தவனுக்கு என்ன சோதனை என்று, படிவத்தில் 'சோதித்தாயிற்று' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறி போட்டுவிடுவாள்.

இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. யாரும் ஏவாமலே போய்க் கெட்ட செல்லைத் தீர்த்துக்கட்டும். புற்றுச்செல்களோடு சேர்த்து வைத்தால் தடியனுடையவை நூற்றுக்கு நாற்பதைக் கொல்லும். போன தடவை முப்பதுதான். சரியாகத் தூங்கியிருக்க மாட்டான் என்று விட்டுவிட்டாள். இந்தத் தடவை ஒன்பது.

குழாயை மாற்றித் தொலைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, மிச்ச ரத்தத்தில் மறுபடி செய்தாள். எட்டு. அப்போதுதான் ரத்தம் எடுத்தபோது நடந்தது ஞாபகம் வந்தது. கையுறை போட்டால்தான் கையை நீட்டுவேன் என்று தடியன் அடம்பிடித்திருந்தான். துரைக்கு என்ன திடீர்ச் சுத்தம் என்று சிரித்துக்கொண்டேதான் போட்டாள். அது சுத்தத்துக்காக அல்ல, தன் ரத்தத்திலிருந்து அக்காவுக்கு எதுவும் தொற்றக்கூடாது என்றுதான் என்பது இப்போது உறைத்தது.

சாயங்காலம் பணிமனைக்கே போனாள். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு வாரமா தெரியும்க்கா. வாயைத் திறந்து சொல்ல வரல. ரத்தத்தைப் பாத்தா நீயே தெரிஞ்சுக்குவேன்னு குடுத்தேன்."

நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. படிவத்தில் பொய்க்குறி போடாமல் சோதித்திருந்தால் நான்கு மாதம் முன்பே அவன் மாத்திரையைத் தொடங்கியிருப்பான். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் போகிறோம் என்றாள்.

"அந்தச் செல்லெல்லாம் மறுபடி வேலை செய்யுமா?"

"மாத்திரைய விடாம போட்டா நல்லா தேறிடும். ஆனா முழுசா பழையபடி ஆகாதுடா."

"அந்த மிச்சத்துக்கு?"

"அதுக்குத்தானே நான் வேலைக்குப் போறேன்."

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். பொய்க்குறி போட்டதை நாளை மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு அந்த வேலை அவளுக்கு இருக்காது. அதை அவனிடம் அவள் சொல்லவில்லை.